மடியில் செம்புக் கரைசல்

சனி, இரவு.

என் வீட்டுக்காரர் வீட்டிலேயே சர்க்கிட் போர்டு செய்கிறவர். செம்பை அரித்து முடித்த பழைய கரைசல் ஒரு பிளாஸ்டிக் போத்தல் நிறையச் சேர்ந்துவிட்டது. இன்று அதை வாளிக்குள் நிறுத்தி, இவர் ஓட்டிய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து மடியில் பிடித்துக்கொண்டு, ஜெலுத்தோங்கில் மறுசுழற்சிப் பொருள் எடுக்கும் இடத்துக்குப் போனேன். வழியெல்லாம் பயம்.

அங்கிருந்த காவலாளி கையை விரித்துவிட்டார். "பேட்டரி, பல்புதான் எடுப்போம். பின்னால லோங்காங்ல ஊத்திட்டுப் போங்க அண்ணே, யாரும் பாக்கமாட்டாங்க லா."

அந்த வெயிலில் எனக்கும் அதுவே சரியென்று பட்டது. இவர் சிரித்தார். "அந்தச் சாக்கடை நேரா கடலுக்குத்தானே போகுது அண்ணே. அந்த மீனை நாமதானே வாங்கித் திங்கிறோம்."

பிறகு மரநிழலில் நின்று ஒவ்வொரு இடமாகப் போன் செய்தார். கடைசியில் புக்கிட் தெங்காவில் ரசாயனக் கழிவு எடுக்கும் கம்பெனி ஒன்று திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னது.

சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காத மனுஷன். வீட்டுக்கு வந்ததும் போத்தல்மேல் 'விஷம்' என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத் தூங்கிவிட்டார். நாள் வீணானதற்குக் கோபப்படலாம் என்று பார்த்தேன், கோபம் வரவில்லை.

திங்கட்கிழமைக்கு நானும் லீவு சொல்லிவிட்டேன். இந்த ஆளைத் தனியாக அனுப்ப மனசில்லை.