வரப்போரத்துச் சோளம்

அன்புள்ள உங்களுக்கு,

இதைப் போனில் சொல்ல முடியாது. வாசலில்தான் சிக்னல் கிடைக்கிறது. வாசலில் மாமா உட்கார்ந்திருக்கிறார்.

போன வருடம் உங்கள் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியதும் என்னைக் கூப்பிடுவீர்கள். நான் ஓடிப்போய் என் சோளப் பாத்திகளைத் தார்ப்பாயால் மூடுவேன். மழையில்லாமல் எந்த ரகம் தாங்குகிறது என்று பார்க்கத்தானே அந்தச் சோதனை. வரப்போரத்து வரிசை மட்டும் பச்சையாக நின்றது. அந்த விதையைக் கோடையில் கிணற்றடியில் பெருக்கினோம். இப்போது கரிசல் முழுவதும் மாமா அதைத்தான் விதைத்திருக்கிறார். “எம் மருமவ கண்டுபிடிச்ச சோளம், தண்ணியே கேக்காது” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

நேற்று களையெடுக்க வந்த சீனித்தாய் அக்கா என்னைக் கேலி செய்தார்.

“ஏளா, நீ மழையவே மூடிவைக்கிற ஆளாச்சே! போன வருசம் அந்த வரப்போரத்துப் பயிரு வாடிக் கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு. தெனமும் வீட்டுக்குப் போறப்ப குடத்துல மிச்சத் தண்ணிய அதுக்குத்தான் ஊத்துவேன்.”

நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

விதைத்த பிறகு ஒரே ஒரு மழைதான் பெய்தது. மத்தியானம் இலைகள் சுருள்கின்றன, சாயங்காலம் விரிகின்றன. இன்று சில விரியவில்லை.  சாப்பிடும்போது மாமா என் முகத்தையே பார்க்கிறார். நீங்கள் வந்ததும் அவரிடம் சேர்ந்தே சொல்லலாமா?

கூண்டு ஏற்றினால் உடனே கூப்பிடுங்கள். தார்ப்பாயை மடித்துப் பரணில் போட்டுவிட்டேன்.

மற்றபடி எல்லோரும் நலம்.

உங்கள்
மனைவி