கூப்பிட்டால் வரும் மான்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு மானைப் பார்த்துவிட்டேன். என் பேத்தியும் அவள் சிநேகிதியும் நடு அறையில் உட்கார்ந்து உருவாக்குகிற கம்ப்யூட்டர் வேட்டை விளையாட்டில்தான். காலையிலிருந்து புல்லுக்குள் பதுங்கியிருந்தேன். காற்று நம் பக்கமிருந்து அடித்தால் நம் வாசம் மானுக்குப் போய்விடும். நிஜக் காடு மாதிரியே வைத்திருக்கிறார்கள். துப்பாக்கியைத் தூக்குவதற்குள் ஓடிவிட்டது. போகட்டும். அவர்களுக்கு விளையாடிப் பார்த்துக் குறை சொல்லும் ஆள் நான்தான். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்று இனி யாராவது என்னைச் சொல்லட்டும், பார்க்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

கோட்டு போட்ட ஒருவர் வந்தார். விளையாட்டுகளை வாங்கி ஊரெல்லாம் விற்கிறவராம். முதலிலேயே காசு கேட்டால் யாரும் வாங்க மாட்டார்கள், சும்மா கொடு, விளையாட்டுக்குள் வந்தவர்களுக்கு விசில் விற்கலாம் என்றார். ஊதினால் மான் வந்துவிடுமாம். "சும்மா படுத்துக் கிடக்க எவன் பாட்டிம்மா காசு குடுப்பான்?" எனக்குச் சரியென்று பட்டது. சொன்னேன். பேத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டால் அவளுக்கு இதுவே முழுநேரத் தொழில்.

மார்ச் 11, செவ்வாய்

சோதித்துப் பார்க்க விளையாட்டில் விசிலைப் போட்டுக் கொடுத்தாள் பேத்தி. ஊதினேன். வந்தது. சுட்டேன். மறுபடி ஊதினேன், மறுபடி வந்தது. தங்கப் பதக்கம்! எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மார்ச் 12, புதன்

மருமகள் பின்னால் நின்று பார்த்தாள். "அத்தை, இது மானா, கூப்ட்டா வர்ற ஆட்டோவா?" வாய்க்கொழுப்பு.

மார்ச் 14, வெள்ளி

விளையாடவில்லை. கண் வலி என்று சொல்லிவிட்டேன். கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பின் என்ன?

மார்ச் 16, ஞாயிறு

கோட்டுக்காரர் என்னையே சாட்சிக்கு இழுத்தார். "விசில் பிடிச்சுதா பாட்டிம்மா?"

"ரொம்ப."

"அப்புறம் ஏன் பாட்டி ரெண்டு நாளா அந்தப் பக்கமே வரல?" என்றாள் பேத்தி.

"எல்லா மானையும் சுட்டாச்சு, பதக்கமும் வாங்கியாச்சு. இனிமே அங்க எனக்கென்னடி வேலை?"

பெருமையாகத்தான் சொன்னேன். பேத்தி சிரித்துவிட்டாள். அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, முதல் நாள் வசூல் வந்தால் போதுமே என்றார். "எனக்குப் போதாது சார். ஒரே விலை, ஒரே தடவை. விசில் கிடையாது" என்றாள் பேத்தி. அவர் போய்விட்டார்.

பிழைக்கத் தெரியாதவள் என்று திட்டினேன். திட்டாமல் என்ன செய்வது? வாசல் வரைக்கும் வந்த லட்சுமி.

மே 21, புதன்

விற்பனைக்கு வந்துவிட்டது. ஆகா ஓகோ என்று இல்லை. பேத்தி பகலில் வேறொரு ஆபீசுக்குப் போகிறாள், சாயங்காலம் வந்து இதில் உட்காருகிறாள். ஆனால் வாங்கினவர்கள் யாரும் விட்டுப் போகவில்லையாம். நானும்தான்.

இன்று புல்லுக்குள் நெடுநேரம். சாப்பாடு ஆறுகிறது என்று மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"மான் வந்துச்சா அத்தை?"

"இல்ல."

"அப்ப எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"சத்தம் போடாத. அங்க ஒரு கிளை ஆடுது."

அவளும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.