தாடையில் நின்றுபோன திருகு

என் அன்பான கவிதா அப்பாவுக்கு,

ஏனுங்க, நம் கவிதாவின் தாடையிலிருந்து நேற்று அந்தக் கருவியைக் கழற்றிவிட்டார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாம். இதை முதலில் சொல்லாவிட்டால் மற்றதைக் கேட்க உங்களுக்குப் பொறுமை இருக்காது.

சின்ன வயதில் விழுந்ததிலிருந்து அவளுக்குக் கீழ்த்தாடை வளரவே இல்லை. படுத்தால் மூச்சுத் திணறல், கெட்டியாக எதையும் கடிக்க முடியாது. ஆர்.எஸ்.புரம் டாக்டர் ஒரு புது முறையை ஆராய்ந்து வருவதாகச் சொன்னபோது நான் பயந்தேன். நீங்கள்தான் துணிந்தீர்கள். எலும்பை அறுத்துக் கருவியைப் பொருத்தி, தினமும் துளித்துளியாகத் திருகி விலக்கினால் இடைவெளியில் புது எலும்பு வளரும் என்றார். “எலும்பு என்ன ஜவ்வு மிட்டாய்ங்களா டாக்டர், இழுத்தா நீள?” என்று கேட்டீர்களே, அவர் சிரித்துவிட்டார்.

கன்னத்துக்கு வெளியே நீட்டியிருந்த அந்தத் திருகை என்னைத் தொடவிடவில்லை. “உனக்குக் கை நடுங்கும்” என்று காலையும் மாலையும் நீங்களே திருகினீர்கள். பாதியில் ஒருநாள் மில்லிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, போய்ச் சேர்ந்தும்விட்டீர்கள். இது நியாயமா?

சாவு வீட்டில் யாருக்கு எது நினைவிருக்கும்? எனக்குத் திருகின் நினைவு வந்தபோது உங்கள் அக்கா தடுத்தார். “தீட்டு ஊட்ல நல்ல காரியம் எதும் செய்யக்கூடாது அம்மணி. கருமாதி முடியட்டும், அப்பறம் திருகிக்கலாம்.” அழுத களைப்பில் நானும் தலையாட்டிவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து கவிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அப்பா இல்லீன்னா என்ற தாடை இப்படியேதான் இருக்குமாம்மா?”

நீங்கள் திருகும் அந்தச் சின்னச் சாவியை எடுத்துத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. திருகாமல் விட்டால் எலும்பு அப்படியே இறுகிவிடும், மறுபடி அறுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. புள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

“புருசனுக்குக் கருமாதி முடியாம வாசப்படி தாண்டறயே அம்மணி?” என்றார் உங்கள் அக்கா.

“கருமாதி உங்க தம்பிக்குங்க. எம்புள்ள எலும்புக்கு இல்லீங்க.”

நானா அப்படிப் பேசினேன் என்று இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது. சிங்காநல்லூரில் பஸ் ஏறும்வரை திரும்பியே பார்க்கவில்லை.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். “நல்லவேளைங்க, இன்னும் கெட்டியாகலை” என்று மெல்ல மெல்லத் திருகினார். அது நகர்ந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உங்களுக்காக அழுததைவிட அதிகம், கோபித்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் முதல் நானே திருகினேன். கை நடுங்கத்தான் செய்தது.

நின்றுபோன அந்த நாட்களையும் டாக்டர் தன் ஆராய்ச்சியில் எழுதிக்கொண்டார். இப்போது எந்தக் குடும்பம் வந்தாலும், “ஊட்ல ஒரு சாவு உழுந்துட்டா அப்ப யாருங்க திருகுவீங்க?” என்று முதலிலேயே கேட்கிறாராம். முகம் சுளித்தாலும் விடுவதில்லை, வீட்டுக்கு இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புகிறார்.

உங்கள் அக்காவோ, “எங்க வம்சத்து மோவாயாக்கும்” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். இருக்கட்டும். கவிதா மத்தியானத்தில் மல்லாந்து படுத்துச் சத்தமில்லாமல் தூங்குகிறாள். சத்தமே இல்லையே என்று பயந்து நான்தான் அவள் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன்.

உங்களுக்கு முறுக்கு என்றால் உயிர். அவளால் கடிக்க முடியாதென்று ஒருநாளும் அதை வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. டீக்கடையிலேயே தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவீர்கள். எனக்குத் தெரியாதென்றா நினைத்தீர்கள்?

வருகிற திதிக்கு நம் வீட்டிலேயே முறுக்குச் சுடுகிறேன். உங்கள் இலையில் வைத்ததும் கவிதா ஒன்றை எடுத்துக் கடிப்பாள். அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்கும்படி கதவைத் திறந்து வைக்கிறேன், வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி,
கவிதாவின் அம்மா