உன் தங்கைக்கு இருமல் அடங்கிய செய்தி

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். எப்போதும் வழக்கத்துக்காக எழுதுகிற வரிதான் இது, ஆனால் இந்தத் தடவை நிஜமாகவே சுகம், அதைச் சொல்லத்தான் சலவைக் கடைக்குக் கூட லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உன் தங்கைக்குப் புது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் முடிவு சொல்கிறவரை அக்காவுக்குத் தெரியக்கூடாது, வீணாக ஆசைப்பட்டு ஏமாந்து போவாள் என்று என் வாயைக் கட்டிப்போட்டிருந்தாள். நேற்று முடிவு வந்துவிட்டது. போனில் சொன்னால் நான் அழுவேன், நீ என்னவோ ஏதோ என்று பயப்படுவாய், அதனால்தான் கடிதம்.

பிறந்ததிலிருந்து அவள் நெஞ்சில் சளி பசை மாதிரி ஒட்டிக்கொள்வது உனக்குத் தெரியாததா, காலையும் சாயங்காலமும் அவள் முதுகைத் தட்டித் தட்டி நம் இரண்டு பேர் கையும் காய்த்துப் போனதுதானே. அதற்குக் காரணம் ஒரு புரதம் என்று டாக்டரம்மா சொன்னார். நம் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லிலும் ஆயிரக்கணக்கான வகைப் புரதம் இருக்கிறதாம், நீளமான நூல் மாதிரி உண்டாகி, தானே மடிந்து ஒரு வடிவத்துக்கு வருமாம். வந்த பிறகும் சும்மா இருக்காதாம். ரத்தத்தில் இருக்கிற ஒன்று நுரையீரலில் காற்றைப் பிடிக்கும்போது ஒரு வடிவம், காலில் கொண்டுபோய் விடும்போது வேறு வடிவம். நாம் கையை மடக்குவதே தசையில் கோடிக்கணக்கான புரதம் சேர்ந்து மடங்குவதுதான் என்றார், நான் அங்கேயே கையை மடக்கி மடக்கிப் பார்த்தேன், உன் அப்பா சிரித்தார். இவளுக்குக் கோளாறாக இருப்பது செல்லின் சுவரில் கதவாக இருக்க வேண்டிய ஒன்று. அது வடிவம் மாறித் திறந்தால் உப்பு வெளியே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும், சளி இளகும். இவளுடையது ஓர் இடத்தில் சரியாக மடியாமல் சுவர் வரைக்கும் போவதே இல்லை. இந்த மாத்திரையில் இருக்கிற மருந்து ஒன்று மடிகிறபோது கை கொடுக்குமாம், இன்னொன்று திறந்த கதவை மூடாமல் பிடித்துக்கொள்ளுமாம். இத்தனை வருஷம் கழித்துக் கதவு மெக்கானிக் வந்துவிட்டான் என்றார் உன் அப்பா, அவருக்கு எதைச் சொன்னாலும் அவர் ரிப்பேர் பண்ணுகிற லிஃப்ட்தான்.

ஆனால் உன் தங்கை மாத்திரையைத் தொடவே இல்லை. முன்னால் இரண்டு மருந்து கேட்காமல் போனதில்லையா, நம்பி நம்பி அலுத்துவிட்டது என்று டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டாள். கொழுப்போடு சாப்பிட வேண்டிய மாத்திரை என்று உன் அப்பா தினம் காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவி மாத்திரையோடு வைப்பார், மகாராணி ரொட்டியைத் தின்றுவிட்டு மாத்திரையை அப்படியே விட்டுவிட்டுப் போவாள். கெஞ்சினேன், திட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் டாக்டரம்மாவிடம் அவளே போய் ஒன்று கேட்டாள், என் உடம்பு இத்தனை வருஷமாகத் தப்பாகவே செய்துகொண்டிருக்கிறதா என்று. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் உடம்பு அந்தப் புரதத்தைச் செய்யறதை ஒரு நாளும் நிறுத்தலம்மா. ஒவ்வொரு தடவையும் செல் அதைச் சோதிச்சு, சரியில்லைன்னு உடைச்சுப் போடுது, மறுபடி புதுசா செய்யுது" என்றார். வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு ரொட்டி எங்கே என்றாள்.

அன்று சாயங்காலமே அவளுக்கு இருமல் பிடித்தது பார், அப்படி ஓர் இருமலை நீயும் பார்த்ததில்லை, வாளி வாளியாகச் சளி. மருந்து விஷமாகிவிட்டது என்று நான் ஒரு பக்கம் கத்த, உன் அப்பா ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஷூவுமாக ஆட்டோ பிடிக்க ஓடினார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் நெஞ்சைச் சோதித்துவிட்டுச் சிரிக்கிறார், இத்தனை காலம் தேங்கினது இளகி வெளியே வருகிறது, வரட்டும் என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா. இரண்டு நாளில் அடங்கியது. அடுத்த நாள் மத்தியானம் அவள் படுத்திருந்தாள், வீட்டில் இருமல் சத்தமே இல்லை, நான் ஓடிப்போய் மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். ஒற்றைக் கண்ணைத் திறந்து, உயிரோடுதான் இருக்கிறேன் போம்மா என்றாள்.

நேற்று ஊதிப் பார்க்கிற சோதனையில் மூச்சு எவ்வளவோ ஏறியிருக்கிறது. முழுக்கக் குணம் என்று சொல்ல முடியாது, மாத்திரையை விடவே கூடாது, முதுகு தட்டுவதும் இப்போதைக்கு உண்டு, ஆனால் கதவு திறக்கிறது என்றார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் நானும் உன் அப்பாவும் வாய் ஓயாமல் பேசுகிறோம், இவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். என்னடி என்றேன். "நாற்பது வயசுல என்ன செய்யணும்னு நான் யோசிச்சதே இல்லம்மா" என்றாள். நாற்பதைப் பார்க்க மாட்டாள் என்று சின்ன வயதில் டாக்டர்கள் சொன்னது அவள் காதிலும் விழுந்ததுதானே. உன் அப்பாதான், எனக்கே ஐம்பத்தெட்டு ஆகிறது, நானும் இன்னும் யோசிக்கவில்லை என்றார், அதற்குத்தான் சிரித்தாள்.

யோசித்து முதல் வேலையாக உன்னிடம் வருவதாக முடிவு பண்ணிவிட்டாள், தனியாக, அடுத்த மாதமே. நீ சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், அவளுக்கு ஒட்டிவிடும். மாத்திரையை வெண்ணெயோடு சாப்பிடுகிறாளா என்று கவனி, கேட்டால் கடிப்பாள், கேட்காமல் கவனி. இரண்டு பேரும் நூறு வயசு இருந்து ஒருவரை ஒருவர் கரித்துக் கொட்டிக்கொண்டு சந்தோஷமாக வாழ வேண்டும். இன்னொன்று, உன் வீடு நாலாவது மாடி என்று அவளுக்குத் தெரியும், லிஃப்ட் வேண்டாம், அக்காவோடு படியில் பந்தயம் ஓடப்போகிறேன் என்கிறாள். பிறந்ததிலிருந்து நாம் எல்லோரும் அவளுக்காக மெதுவாகத்தான் நடந்திருக்கிறோம். நீ நிஜமாகவே ஓடு, விட்டுக்கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா