பின்னால் பெரிய சக்கரம்

மச்சான்,

இந்தச் சட்டையைத் துவைத்தும் புது டயர் வாசனை போகவில்லை. நேற்று கள்ளக்குறிச்சியில் டயர் கடை பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரில் உன் கார் சக்கரம் நாலும் கழற்றப்பட்டு ஜாக்கி மேல் நின்றது. அதைப் பார்த்தால் நெஞ்சை அடைக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அடைக்கவில்லை. டீ கொண்டுவந்து கொடுத்தார்கள், குடித்தேன்.

நீ போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். பட்டப்பகலில், உன் புளி மண்டியில், எடை போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய். கபர்ஸ்தானில் எல்லோரும் மூன்று கைப்பிடி மண் போட்டார்கள். எனக்கும் வழி விட்டார்கள், போட்டேன். அப்புறம் கை கழுவிக்கொண்டு கொல்லைக்குப் போய்க் கரும்புக்குத் தண்ணீர் திருப்பினேன். 'கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தீங்க, ஒரு சொட்டு கண்ணீர் வரலயே' என்று என் மனைவியே கேட்டாள். வரவில்லை, அவ்வளவுதான். வராததை எங்கே போய் வாங்குவது?

அந்தக் காரை நீ வாங்கிவந்த நாளில் பஜாரில் ஒருத்தரையும் விடவில்லை. 'நாலு சக்கரமும் இழுக்கும் பாய், மத்த காருங்க மாதிரி இல்ல' என்று ஆள் ஆளாக நிறுத்திச் சொன்னாய். கல்வராயன் மலைக்குப் புளியும் கடுக்காயும் வாங்கப் போகிறவனுக்கு அப்படி ஒரு கார் வேண்டியதுதான். உனக்குத் துணை நான். கச்சிராயபாளையத்தில் என்னை ஏற்றிக்கொள்வாய். வெள்ளிமலை போய்ச் சேரும்வரை உன் வாய் மூடாது.

பிறகு பின் டயர் இரண்டும் தேய்ந்தன. அந்தச் சமயம் பார்த்து நீ என் கொல்லைக்கு வந்தாய். சேற்றில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. வரப்பில் நின்று அதையே பார்த்தாய்.

"இன்னா மாப்ள, பின்னாடி எம்மாம் பெருசு, முன்னாடி எம்மாந்தூண்டு! அதனாலதான சேத்துல இந்த இழு இழுக்குது?"

"ஆமா" என்றேன். டிராக்டரைப் பற்றித்தான் கேட்கிறாய் என்று இருந்தேன். அடுத்த முறை நீ வந்தபோது கார், முட்ட வரும் கெடா மாதிரி முன்னால் குனிந்து நின்றது. பின்னால் மட்டும் பெரிய டயர். உன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அந்தக் கார் காராக இல்லை. கொண்டை ஊசி வளைவில் திருப்பினால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வெட்டும். அடியிலிருந்து ஓயாமல் ஒரு முனகல். கரியாலூர் தாண்டும்போது கருகிய நாற்றம் வேறு. ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதன் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினாய். கடைசியில் நான் சத்தம் போட்ட பிறகுதான் மெக்கானிக்கிடம் போனோம். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"பெரிய சக்கரம் ஒரு சுத்துல ஜாஸ்தி தூரம் போயிடும். சின்னது கம்மிதான் போவும். அப்ப ரெண்டும் சேந்து ஓடணும்னா முன் சக்கரம் வேகமா சுத்தியே ஆவணும். முன்னாடியயும் பின்னாடியயும் சேத்து வைக்கற கப்ளிங்குக்கு அது இன்னா தெரியும்? முன்னாடி சறுக்குதுன்னு நெனச்சிக்கினு பின்னாடிக்கு இழுவய அனுப்பிக்கினே கெடக்கும். சூடாயி வெந்துடும் பாய்."

"டிராக்டருக்கு மட்டும் வேவலயே?" என்றாய்.

"அதுக்கு உள்ள கியரயே அந்த அளவுக்குத்தான் வச்சிருக்கான். சில காருல கம்பெனிக்காரனே பின்னாடி அகலமா போடுவான், ஆனா உயரம் மாறாது. உங்களுது உயரமே மாறிப்போச்சி. நாலயும் ஒன்னா போடுங்க."

நீ கேட்கிற ஆளா? பஜார் முழுக்கப் பெருமையடித்தாகிவிட்டது, இனிக் கழற்றினால் சிரிப்பார்கள். பின்பக்கத்துக்கு இழுவை போகாதபடி ஃப்யூஸைப் பிடுங்கச் சொல்லிவிட்டாய். முனகல் நின்றது. அதோடு நாலு சக்கரமும் இழுக்கும் கார், ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் காராக ஆனது. மழை நாளில் மண் சரிந்த வளைவுக்கு வந்தால் முன் சக்கரம் வெறுமனே சுற்றும். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவேன். 'எத்தினி சக்கரம் இருந்தா இன்னா, மாப்ள தள்ளாம ஏறாது' என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொல்லுவாய். என் முதுகெல்லாம் சேறு, உனக்குச் சிரிப்பு. எனக்கு உன் மேல் அப்போது வந்த கோபம் நிஜமான கோபம். இன்று அந்தக் கோபமாவது வந்தால் தேவலை.

உன் மகளுக்கு மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை வந்திருக்கிறது, மச்சான். உனக்குத் தெரியாமல் போய்விட்டது. அத்தா கார் இருக்கும்போது எதற்கு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும் என்கிறாள். அவள் அம்மாவுக்குத்தான், என் தங்கச்சிக்குத்தான் பயம். வீட்டுக்கு வரச்சொல்லி என்னிடம் அழுதாள்.

"அண்ணே, அந்த காருல நீங்க தள்ளிக்கினு போன கதையெல்லாம் எனக்குத் தெரியும். மழையில இவ ஒண்டியா மாட்டிக்கினா இன்னா பண்றது? வேலயும் வேணாம், காரும் வேணாம். வித்துடுங்கண்ணே."

"நாலு டயரயும் மாத்திட்டு, மழையில ஒருவாட்டி அவளயே ஏத்திப் பாக்கச் சொல்றேன்மா. ஏறலன்னா நானே வித்துத் தரேன். வேலய வுட்டுடட்டும்" என்றேன். உன் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் நேற்று டயர் கடை. நாலும் ஒரே அளவில் போட்டார்கள். உன் பெரிய டயர் இரண்டும் தரையில் கிடந்தன. 'எடுத்துக்கினு போறீங்களா?' என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். நீ ஆசைப்பட்டுப் போட்டது, சொல்லும்போது குரலாவது கொஞ்சம் உடையும் என்று பார்த்தேன், உடையவில்லை. பிறகு மெக்கானிக்கிடம் போய் அடியில் கருகிக் கிடந்த ஆயிலை மாற்றி, ஃப்யூஸைத் திரும்பச் செருகினோம். கப்ளிங் தப்பித்திருக்கிறது என்றார். விளக்கு மேல் இருந்த ஸ்டிக்கரை நான்தான் சுரண்டி எடுத்தேன்.

இன்று காலை நல்ல மழை. உன் மகள் ஓட்டினாள், நான் பக்கத்தில். உன்னைப் போல இல்லை, பேசாமல் ஓட்டுகிறாள். மண் சரிந்த வளைவு வந்தது. செம்மண் கரைந்து ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள். ஒரு நொடி முன் சக்கரம் சுற்றியது. உடனே பின்னாலிருந்து ஒரு உந்தல். கார் தன்பாட்டுக்கு ஏறிப் போய்விட்டது.

"ஏறிடுச்சி மாமா" என்றாள். என் கை கதவைத் திறந்து இறங்கத் தயாராகக் கைப்பிடியில் இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

மேலே போனதும் தங்கச்சிக்கு போன் போட்டு, 'ஏறிடுச்சிம்மா, விக்க வேணாம்' என்றேன். 'அவள பாத்து ஓட்டச் சொல்லுங்கண்ணே' என்றாள்.

சுகாதார நிலையத்துக்கு எதிரே சரிவில்தான் காரை நிறுத்த இடம். அவள் நிறுத்தினாள். நான் இறங்கி, ரோட்டோரம் கிடந்த ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு பின் சக்கரத்துக்கு வந்தேன். யாரும் சொல்லவில்லை, கால் தானாகப் போனது. சரிவில் எங்கே நிறுத்தினாலும் உனக்கு ஹேண்ட்பிரேக் மேல் நம்பிக்கை கிடையாது. இன்ஜினை அணைக்கும் முன்பே 'மாப்ள, கல்லு!' என்று கத்துவாய். நான் வைத்த பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுப்பாய்.

கல்லோடு குனிந்தவன் அப்படியே நின்றேன். நீ கத்தவில்லை. மழை முதுகில் விழுந்தது. நீ கத்தப் போவதில்லை என்பது, மண் போட்டபோது தெரியாதது, அங்கே குனிந்து நின்றபோது தெரிந்தது. என்னால் வைக்கவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை.

உன் மகள் இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஹேண்ட்பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள் என்று நினைக்கிறேன். என் முகத்தைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள்.

"வைங்க மாமா" என்றாள்.

வைத்தேன், மச்சான். அந்தக் கல்லின் கனம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. நீ போனதிலிருந்து எனக்குக் கனத்தது இது ஒன்றுதான்.