தராசுக்கு வைத்த பொட்டு

மேலே இருந்தும் என்னை அதட்டிக்கொண்டிருக்கும் என் அன்பு அக்காவுக்கு,

நீ போனபிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இப்படியா அமைய வேண்டும்? முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உன் மகள் ஆரணி நலமாக இருக்கிறாள், முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இதைச் சொல்லாமல் மிச்சத்தைத் தொடங்கினால் நீ அங்கேயிருந்து எழும்பி வந்துவிடுவாய்.

உன் மகள் வீட்டில் தோட்டா செய்கிறாள், அக்கா. ஓம், இங்கே டென்மார்க்கில், நம் டோஸ்ட்ருப் வீட்டில், உடுப்புத் தோய்க்கும் அறையில். விளையாட்டுத் துவக்குக்கூட வாசற்படி தாண்டாத வீடு உன் வீடு. ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் இந்த நாட்டிலும் ஒளிய இடம் தேடியவள் நீ. பாலர் பாடசாலையில் பகல் முழுக்கப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிற உன் மகள், வேலைத்தோழி ஒருத்தியோடு போய் வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணி, பொலிஸ் அனுமதியும் எடுத்து, வெற்றுத் தோட்டாக் கோதுகளில் வெடிமருந்து நிரப்பிக்கொண்டு நிற்கிறாள்.

"ஏன் பிள்ளை, உது கடையில விக்கேல்லையே?" என்று கேட்டேன்.

"விக்குது சின்னம்மா. நானே செய்தா என்ர துவக்குக்கு அளவா இருக்கும், குறி தவறாது. மான் காயத்தோட ஓடித் துடிக்கக் கூடாதெல்லே" என்றாள்.

மானுக்கு இரங்குகிறாளாம், அதனால் ஒழுங்காகச் சுடுகிறாளாம்! இதற்கு நீ என்ன பதில் சொல்லியிருப்பாய்?

மருந்தை நிறுக்க ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வைத்திருந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும். மூச்சு விட்டால் எண் மாறும். இணையத்தில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினாள். அவள் நிறுக்கும்போது நான் கதவு திறக்கக் கூடாது, வோஷிங் மெஷின் போடக் கூடாது, ஃபோனோடு கிட்டப் போகக் கூடாது. பிள்ளை பெத்தவளுக்குக்கூட இவ்வளவு பத்தியம் இல்லை.

ஆயுத பூசை வந்தது. எப்போதும்போல கார், தையல் மெஷின், முதியோர் இல்ல வேலைக்குக் கொண்டுபோகும் என் பை, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். துவக்கு இரும்பு அலுமாரிக்குள் பூட்டி இருந்தது, திறப்பு அவளிடம். திறந்து கிடந்தாலும் அதற்கு வைக்க எனக்கு மனம் வந்திராது. இந்தத் தராசுதானே அவளுக்கு அளவு சொல்கிறது, இதுதானே அவளைக் காக்க வேண்டும் என்று அதன் தட்டில் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துக் கும்பிட்டேன். ஆரணி வேலையால் வந்து பார்த்துச் சிரித்தாள். ஈரத்துணியால் துடைத்தாள். அத்தோடு முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தோம்.

அதற்கடுத்த சனிக்கிழமை நான் அடுப்படியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். ஆரணி வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. கையில் ஒரு சின்ன எடைக்கல், தராசை வாங்கியபோது கூடவே வந்தது. தோட்டாக்களைச் செய்து முடித்தபிறகு, ஒருதரம் சரிபார்ப்போம் என்று அதைத் தட்டில் வைத்திருக்கிறாள்.

"சின்னம்மா, தராசு குறைச்சுக் காட்டுது. அப்ப நான் மருந்து கூடப் போட்டிட்டன்."

"கூடினா என்ன?"

"துவக்கு வெடிச்சிடும்."

"துவக்கு வெடிக்கத்தானேயடி?"

"குண்டு போற பக்கம் இல்லை. என்ர முகத்துக்குப் பக்கத்தில."

கத்தி கையிலிருந்து விழுந்தது. அடுத்த நாள் காலை அந்தத் தோட்டாக்களோடு அவள் சுடுதளத்துக்குப் போக இருந்தாள்.

தட்டின் ஓரத்தை அவள் ஊசியால் கிளறினாள். மஞ்சளாகப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. என் சந்தனம், அக்கா. கரைந்து தட்டுக்கு அடியில் இறங்கிக் காய்ந்து, தட்டைக் கீழே போகவிடாமல் தாங்கிப் பிடித்திருக்கிறது. "பிள்ளையைப் பார்த்துக்கொள்" என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தாயே, நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இது. அவள் கண்ணைப் பறிக்க நானே கும்பிட்டு வழி செய்திருக்கிறேன். சாமிக்கென்று வைத்த சந்தனமா இப்படிச் செய்யும்? யாரிடம் போய்க் கேட்பேன்?

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறியிருப்பேன். ஒவ்வொரு தோட்டாவாகக் கழற்றி மருந்தைக் கொட்டினாள்.

"உதெல்லாத்தையும் விட்டிடு பிள்ளை" என்று கெஞ்சினேன்.

"என்னிலயும் பிழை இருக்கு. தொடங்க முதலே கல்லை வைச்சுப் பாத்திருக்கோணும்" என்றாள். "திங்கள் நல்ல தராசு ஒண்டு வாங்குவம். நீங்களும் வாங்கோ."

போனேன். கூறைச்சேலை எடுக்கப் போனவள் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொன்னேன். பற்றரி களைத்தால் எண் தளம்புமாம், அதனால் மின்சாரத்தில் ஓடுவதாக இருக்க வேண்டும். காற்றுப் படாமல் மேலே மூடி வேண்டும். கூடவே சோதனை எடைக்கற்கள் வேண்டும். இவை ஆரணி கேட்டவை. நான் கேட்டது ஒன்றே ஒன்று: தட்டைக் கழற்றி அடியில் பார்க்கலாமா? கடைக்காரி விழித்தாள். அப்படி ஒருவரும் கேட்டதில்லையாம். "சின்னம்மாவுக்குத் துப்பரவு முக்கியம்" என்று டெனிஷில் சொல்லி ஆரணி என் மானத்தைக் காப்பாற்றினாள்.

நேற்றுப் புதுத் தராசில் நிறுத்துச் செய்த தோட்டாக்களோடு சுடுதளத்துக்குப் போனாள். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். காதுமூடி மாட்டி என்னைப் பின்னால் நிற்க வைத்தார்கள். அவள் துவக்கில் கன்னத்தைச் சாய்த்தாள். நீ கொஞ்சிக் கொஞ்சிச் சிவக்க வைத்த கன்னம். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். சத்தம் நெஞ்சுக்குள் விழுந்தது. கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. "ஆரணி, திரும்படி!" என்று கத்தினேன். காதுமூடி போட்டவளுக்கு எங்கே கேட்கும்?

கடைசியில் திறந்தேன். அவள் தானாகவே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணும் இருந்தன, அக்கா. அத்தனை டெனிஷ்காரருக்கு முன்னாலும் நான் குழறி அழுதுவிட்டேன்.

துவக்கை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, இனியும் பிடிக்காது. ஆனால் தோட்டா செய்யும் நாளெல்லாம், முதல் கோதைத் தொடமுன் கல்லைத் தட்டில் வைத்துத் தராசு காட்டும் எண்ணை எனக்குச் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஓம் என்றுவிட்டாள். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். கும்பிடத் தோன்றினால் அங்கேயே நின்று கும்பிடுவேன். உன்மேல் சத்தியம், அக்கா, அந்தத் தராசு மேசையில் என் விரல் படாது.

உன் பிள்ளையின் முகத்தைத் தினமும் உனக்காகவும் சேர்த்துப் பார்க்கும்
உன் தங்கை வசந்தி