பொட்டாஷ் தண்ணீருக்கு ஒரு ஜன்னல்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். மீசைக்கு டை அடித்துக் காயவிட்டு பனியனோடு உட்கார்ந்திருந்தேன். ஜெனியின் போன். வீடியோ என்று கவனிக்காமல் எடுத்துவிட்டேன். எதிரே மகள், பக்கத்தில் அவளுடைய சார், பின்னால் நாலு ஸ்டூடண்ட்ஸ். என் மேல் உதட்டில் தார் ரோடு. பதறி எழுந்து நமஸ்காரம் வேறு. அதனால் லுங்கியையும் பார்த்துவிட்டார்கள். சார் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மாவுக்கு மெஷின் காட்டத்தான் கூப்பிட்டாளாம். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. நான் பார்த்தேன்.

தடித்த ஸ்டீல் பானை. உள்ளே பொட்டாஷ் என்கிற காரம் கரைத்த தண்ணீர், இருநூறு டிகிரி. அழுத்தம் பிடித்து வைத்திருப்பதால் கொதிக்காது. கரண்ட் விட்டால் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறு பக்கம் ஆக்சிஜன். சூடு ஏற ஏற கரண்ட் செலவு குறையுமாம். எனக்குப் புரிந்தவரை: பாய்லர். இருபத்தாறு வருஷமாக ஃபேக்டரியில் நான் மேய்க்கிற அதே சனியன். இதில் தீப்பிடிக்கிற வாயு வேறு.

உள்ளே பார்க்க வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல். கீழ்ப்பாதி பால் மாதிரி வெள்ளை. "ஆவிப்பா" என்றாள். ஆவி என்றால் அசையும். அது அசையவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை. வேலையில் மனசும் இல்லை.

பாய்லரில் தண்ணீர் மட்டம் பார்க்கிற லெவல் கண்ணாடியும் இப்படித்தான் வெளுக்கும். சோடா கலந்த சுடுதண்ணீர் கண்ணாடியைத் தின்னும். வெளுத்தால் மாற்று, யோசிக்காதே. ஸ்கிராப்பில் பழசு ஒன்றைத் தேடி எடுத்துத் தடவிக்கொண்டிருந்தேன். கூட்டாளி ராச்சப்பா கன்னடத்தில்: "ஏனண்ணா, ஹெண்ணு நோடோ தரா நோட்தீரல்லா?" பெண் பார்க்கிற மாதிரி பார்க்கிறேனாம்.

சாயங்காலம் ஜெனிக்குப் போன். "அப்பா, அது ஸ்பெஷல் கண்ணாடி. சாரே டிசைன் பண்ணது. வியாழக்கிழமை ஃபுல் ஹீட்ல ரன். பயமுறுத்தாதீங்க ப்ளீஸ்."

ஸ்டெல்லா: "அவ பிஎச்டி பண்றா. நீங்க ஐடிஐ, அதுவும் ரெண்டாவது அட்டெம்ப்ட்."

உண்மைதான்.

வாங்க: பல்பு, பூண்டு, பிரஷர் மாத்திரை (எனக்கு).

ஜூலை 9, புதன்

அரை நாள் லீவு. பழைய கண்ணாடியை டிபன் பையில் போட்டுக்கொண்டு அவள் லேபுக்கு. வெளியே வந்தாள், முகம் இறுக்கம். "சார் முன்னாடி மட்டும் ஆரம்பிக்காதீங்கப்பா."

ஆரம்பிக்கவில்லை. கண்ணாடியைக் கையில் கொடுத்து, தடவிப் பாரு என்றேன். தண்ணீர் பட்ட பக்கம் குழி. கட்டை விரலை இரண்டு தரம் ஓட்டினாள்.

"எத்தனை நாள்ல இப்படி?"

"எட்டு மாசம். எங்க தண்ணில சோடா ஒரு சிட்டிகைதான்."

"எங்களதுல மூணுல ஒரு பங்கு பொட்டாஷ்" என்றாள், மெதுவாக. போய்ட்டு வரேன்கூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 10, வியாழன்

ரன் நடக்கவில்லை. ஆறவைத்துக் கழற்றினார்களாம். ஜன்னல் நடுவில் அப்பளம் கனம்தான் மிச்சம். சார் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாராம். யார் சொன்னது என்று கேட்டிருக்கிறார். எங்கப்பா என்றிருக்கிறாள். "யாரு, அந்த மீசைக்காரரா?"

சந்தோஷம் ஒரு அஞ்சு நிமிஷம். ஸ்பேர் கண்ணாடி மாட்டி, நான் போனில் சொன்னபடி, காரம் கண்ணாடியில் படாமல் உள்பக்கம் மைக்கா தகடு வைத்துவிட்டார்கள். நாளைக்கே ரன். ஜன்னலைப் பார்க்கக் கேமரா வர இன்னும் ஒரு மாசம் ஆகும். அதுவரை அரை மணிக்கு ஒரு தரம் ஜன்னலில் லெவல் பார்க்க வேண்டியது ஜெனி.

"மைக்கா தாங்கும்லப்பா?"

"எங்க பாய்லர்ல தாங்குது. உன் தண்ணி எனக்குத் தெரியாதும்மா. கண்ணாடிக்கு நேரா மட்டும் நிக்காத. பக்கவாட்டுல நின்னு பாரு."

ராத்திரிக்கு மோர் மட்டும்.

ஜூலை 11, வெள்ளி

நல்ல வெயில். லீவு போட்டுவிட்டேன். எட்டு மணிக்கு மெசேஜ்: சூடு ஏறுது. பத்தரைக்கு: நூத்தி எண்பது. கட்டை விரல் படம் அனுப்பினேன். ஸ்டெல்லா ஜெபமாலையோடு சமையல்கட்டில். என்னைத் திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது.

பதினொன்று பத்துக்கு ஜெனியே கூப்பிட்டாள்.

"இருநூறு ஆச்சுப்பா. இப்பப் போய் பாக்கணும்."

"சரிம்மா. பக்கவாட்டுல."

"ம்."

போனை அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. நீ உக்காந்து ரீடிங் எழுது கண்ணு, ஜன்னல்கிட்ட நான் வந்து நிக்கறேன். வாய்வரை வந்தது. "பாத்துட்டு வா, லைன்லயே இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.